ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடம்

எம்.எட். படித்தபோது நாங்கள் இரண்டு பேர் ஒரே பள்ளிக்கூடத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. அறிவியலை அந்தப் பிள்ளைகளுக்கு எட்டும்படி எப்படி நடத்துவது என்பதுதான் தலைப்பு. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் அதை இரண்டாக்கி, செய்முறைகளை எனக்கும், கலைச்சொற்களுக்கான சைகைகளை என் தோழிக்கும் தந்தார். தோழி மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. நான் சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறுவேன்.

முதல் சில வாரங்கள் நாங்கள் ஒன்றும் நடத்தவில்லை. பிள்ளைகளிடம் சைகை படித்தோம். அவர்கள் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். என் தாடையில் மச்சம் உண்டு. ஒரு விரலால் தாடையைத் தொட்டால் அது நான். தோழிக்கு நெற்றியில் எப்போதும் முடி விழும். அதை ஒதுக்குகிற மாதிரி காட்டினால் அவள். ஒன்பதாம் வகுப்பில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் குளச்சலிலிருந்து வந்த ஒரு பெண் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்பாள். அவளுடைய வாப்பா சவூதியில் வேலை பார்த்தார். புருவத்தைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பி அவள் கேட்கிற ஏனுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

ஒருநாள் அவள் அறிவியல் புத்தகத்தை என் முன்னால் விரித்து ஒரு பாடத்தில் விரல் வைத்தாள். ஒலி. மற்ற பாடங்களில் எல்லாம் பென்சில் கோடும் எண்ணெய்க் கறையும் இருந்தன. இந்தப் பக்கங்கள் கடையில் வாங்கியபடியே இருந்தன. பெரியம்மா மகள் வேறு பள்ளியில் இதைப் படிக்கிறாள், எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டாள்.

அறிவியல் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளியில் இருப்பவர். பிள்ளைகளிடம் பிரியமுள்ளவர்.

“அத நடத்துறது இல்ல மக்கா. கேக்காத பிள்ளையள்ட்ட போயி சத்தத்தப் பத்தி என்னத்தச் சொல்ல? மனசு கஷ்டப்படும். வேற பாடத்துல மார்க்கு எடுத்துருவாங்க.”

“அவளே கேக்குறா டீச்சர்.”

“அவ எல்லாந்தான் கேப்பா.”

பேராசிரியரும் விடச் சொன்னார். ஒளி எடுங்கள், தாவரம் எடுங்கள், ஆய்வுக்கு அது போதும் என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. தோழிதான் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்சில் கேட்டாள், “ஏட்டி, நாம கடலுக்கு அடியில போயிட்டா வந்தோம்? ஆனா கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு படிச்சோம்லா. பின்ன என்ன?” மறுநாள் தலைமையாசிரியையான சிஸ்டரைப் பார்த்தோம். அவர் நிறைய யோசித்துவிட்டு, டீச்சர் வகுப்பில் உட்காரட்டும், எந்தப் பிள்ளையாவது முகம் வாடினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார்.

தோழியின் சித்தப்பா மைக் செட் வாடகைக்கு விடுபவர். கோயில் திருவிழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் அவர்தான். ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வாய் அகன்ற பாத்திரத்தின் மேல் பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தோம். அதில் போட என்று தோழி தன் ஊர்க் கரையின் கறுப்பு மணலைக் கொண்டு வந்திருந்தாள். பளிச்சென்று தெரியும் என்று நினைத்தோம். மணல் கனம், அசையவே இல்லை. சமையலறையில் ரவை வாங்கி வந்து தூவினோம். பாட்டைப் போட்டதும் ரவை துள்ளிக் கோடு கோடாகக் கூடியது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். ஆளுக்கு ஒரு பலூனை ஊதிக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கச் சொன்னோம். பலூன் அதிர்ந்தது. ஒரு பையன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை.

பாட்டில் தவில் நின்று புல்லாங்குழல் மட்டும் வந்த இடத்தில் பலூன்கள் அடங்கிவிட்டன. பாட்டு முடிந்ததா என்று குளச்சல் பெண் கேட்டாள். முடியவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. டீச்சரைப் பார்த்தாள். டீச்சரும் ஓடுகிறது என்று தலையாட்டினார். அதிர்வெண் என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அது அங்கே தானாக வந்தது. தவில் மெதுவாக அசைக்கிறது, குழல் மிக வேகமாக அசைக்கிறது, உன் கை மெதுவானதை மட்டும் பிடிக்கிறது என்று விளக்கினோம். விரல்களை நடுக்கி அவர்களே அதற்கு ஒரு சைகை செய்தார்கள். அகலமாகக் கையை வீசி வீச்சுக்கு இன்னொன்று. தோழி இரண்டையும் படம் வரைந்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள்தான் சிக்கல். அலை காற்றில் எப்படிப் பரவுகிறது என்பதை முடித்திருந்தேன். குளச்சல் பெண் எழுந்து போய் கரும்பலகையில் எழுதினாள்: ‘காற்று என் காதிலும் இருக்கிறது. அலை வருகிறது. பிறகு எங்கே போகிறது?’

பாடத்தின் கடைசியில் மனிதச் செவி என்று ஒரு பகுதி உண்டு. அதை நாங்களும் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். டீச்சருக்கும் எங்களுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்பெஞ்சிலிருந்து டீச்சர் எழுந்து வந்தார். சாக்பீசை எடுத்து, பலகையில் பாதியை நிறைக்கிற மாதிரி ஒரு காதை வரைந்தார். சவ்வு, மூன்று சின்ன எலும்பு, நத்தைக்கூடு, நரம்பு. ஒவ்வொன்றாகச் சைகையில் சொன்னார். எங்கள் சைகை அதன் முன்னால் மழலை. அலை சவ்வு வரை வருகிறது, எலும்பு அசைகிறது, நத்தைக்கூட்டுக்குள் இருக்கிற மயிர் மாதிரியானவை சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை, சிலருக்குக் காய்ச்சலில் போய்விடுகிறது, அங்கே அலை நின்றுவிடுகிறது என்றார். யாரும் வாடவில்லை. எனக்கு எங்கே, எனக்கு எங்கே என்று கேட்டுப் பலகையை மொய்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் மருத்துவ முகாமைப் பற்றிக் கேட்டாள். வருடம் ஒருமுறை காதில் ஹெட்போன் மாட்டிக் கையில் பட்டன் கொடுப்பார்களே, அது இதற்கா?

ஆமா, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்த வேண்டும் என்றார் டீச்சர்.

அவள் முழித்தாள். பக்கத்துப் பையனைப் பார்த்தாள். பிறகு நடித்துக் காட்டினாள்: சோதிக்கிறவர் இயந்திரத்தைத் தொடும்போது அவர் தோள் லேசாக அசையும், அப்போது நான் அழுத்துவேன். சரியாக அழுத்தினால் அவர் சிரிப்பார், மிட்டாய் தருவார். பையனும் தான் அப்படித்தான் செய்வதாகச் சொன்னான். அது ஒரு விளையாட்டு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார்கள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் சொல்லிக் கொடுக்கவே இல்லியே மக்கா” என்று என்னிடம் சொன்னார். “கூட்டிட்டுப் போயி வரிசையில விட்டதோட செரி.”

அந்தப் பெண் காதுக் கருவியை மாட்டாமல் பைக்குள் போட்டுவிடுகிறாள் என்று மாதா மாதம் திட்டு வாங்குவாள். உம்மாவும் திட்டுவாள், விடுதியிலும் திட்டுவார்கள். சிஸ்டரிடம் விஷயம் போனதும் அவர் முகாமுக்குக் காத்திருக்கவில்லை. நாகர்கோவிலில் தெரிந்த ஒரு காது டாக்டரிடம் அவளையும் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் போனோம். சோதிக்கிறவருக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தார்கள். அவள் போகும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். நிறைய நேரம் பட்டனை அழுத்தவே இல்லை. எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வெளியே வந்து பெருமையாக என்னிடம் சொன்னாள், இந்தத் தடவை பொய் சொல்லவில்லை என்று.

முகாமில் எழுதிக் கொடுத்திருந்ததைவிட அவளுக்கு மிகக் குறைவாகத்தான் கேட்டது. மாட்டியிருந்த கருவியின் சக்தி அவளுக்குக் காணாது, வெறும் கனம்தான் என்றார் டாக்டர். சில மாதம் கழித்து வேறு கருவி வந்தது. அதில் அவளுக்குப் பேச்சு கேட்கவில்லை. பின்னால் பஸ் வந்தால் தெரிந்தது. அது போதும் என்று மாட்டிக்கொண்டாள். பையனுக்கு எந்தக் கருவியிலும் பெரிய மாற்றம் இல்லை. அவன் கருவி வேண்டாம் என்றான். சிஸ்டரும் சரி என்றுவிட்டார்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: கேளாத பிள்ளைக்கு ஒலிப் பாடத்தால் என்ன பயன்? நான் மதிப்பெண் அட்டவணையைக் காட்டினேன். தோழி முகாமில் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதை ஏன் முதல் அத்தியாயத்தில் எழுதவில்லை?” என்றார்.

குளச்சல் பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். அறிவியல் பிரிவு வேண்டும் என்றாள். சிஸ்டர் விசாரித்த மேல்நிலைப் பள்ளிகளில் ஆய்வகத்தில் ஆபத்து என்று ஒன்று, சைகை தெரிந்த ஆசிரியர் இல்லை என்று இன்னொன்று மறுத்துவிட்டன. கடைசியில் வணிகவியல்தான் கிடைத்தது. அழவில்லை என்று டீச்சர் சொன்னார். ஆனால் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

டீச்சர் அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் நடத்தினார். எங்கள் முறையை அப்படியே எடுக்கவில்லை, காதிலிருந்துதான் தொடங்குவார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் போன் செய்தார்.

“மக்கா, இந்த வருசம் ஒரு பய கேக்கான், மீனுக்குக் காது உண்டான்னு. புத்தகத்துல இல்ல. என்ன சொல்லட்டும்?”

எனக்கும் தெரியவில்லை. தோழிக்குப் போன் போட்டேன். அவள் அப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

“உண்டு ஏட்டி. வெளிய தெரியாது, உள்ள இருக்கும். கத்தாளை மீனுக்குத் தலைய உடைச்சா ரெண்டு வெள்ளக் கல்லு கிடைக்கும்லா, அது காதுக்குள்ள உள்ள கல்லாக்கும். டீச்சர்ட்ட சொல்லு, சனிக்கிழமை நான் மீனு கொண்டாறேன்.”