கர்ட்டன் அக்காவின் கல்லீரல்

அவள் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் வேறு மாதிரிதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சோபாவும் கட்டிலும் விற்கும் ஒரு பெரிய கடையின் பின்பக்கம், தகரக்கூரை போட்ட நீளமான அறையில் அவளுக்கு வேலை. ஜன்னல் திரைகளும் சோபா உறைகளும் தைப்பாள். எல்லோருக்கும் அவள் கர்ட்டன் அக்கா. அவளைவிட மூத்தவரான முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அளவெடுக்க வீடுகளுக்குப் போனால், "இந்த ஜன்னல்ல வெயில் நேரா அடிக்குது, நீங்க எடுத்த துணி சீக்கிரம் வெளுத்துடும்" என்று விலை கூடிய துணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவாள். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த தடவை சோபா வாங்க அவர் கடைக்குத்தான் வந்தார்கள். அதனால் பல்லைக் கடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் கணவன் வாடகைக் கார் ஓட்டியவன். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே மெலிந்து, இருமி இருமிச் செத்துப்போனான். டி.பி. என்றார்கள் அவன் வீட்டார். ஆஸ்பத்திரியில் அவளுடைய ரத்தத்தையும் சோதித்த பிறகுதான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அது கல்யாணத்துக்கு முன்பே அவன் அண்ணனுக்குத் தெரியும் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. கைக்குழந்தைக்கு நோய் இல்லை. அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். கணவனின் அண்ணன் அவளை வாசலோடு அனுப்பிவிட்டார். விஷயம் வெளியே போனால் குடும்ப மானம் போய்விடும் என்று அவர் வாய் திறக்கவில்லை. மகளின் எதிர்காலத்தை நினைத்து இவளும் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்பாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அப்போது கைகொடுத்தவள் தங்கைதான். தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அக்கா குடித்து மிச்சம் வைத்த டம்ளரிலேயே தானும் குடித்துக் காட்டினாள். பிறகு அக்கா பக்கத்துத் தெருவில் தனிவீடு பார்த்துக்கொண்டு போனபோது மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அவ்வளவு பாசம்.

தினமும் ஒரு மாத்திரை. சத்து மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு, கடையில் எல்லோர் கண்ணெதிரிலேயே விழுங்குவாள். வருஷங்கள் ஓடின. மகள் வளர்ந்து, படித்து, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். விவரம் தெரிந்த வயதில் அவளுக்கும் எல்லாம் சொல்லியாகிவிட்டது. எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது.

வினை அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. வழக்கமான சோதனை ஒன்றில் டாக்டர், கல்லீரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்.

"ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கும்மா. எடையைக் குறைங்க, நடங்க. அதோட உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி-யும் இருக்கு, மஞ்சக்காமாலை கிருமி. இப்ப சாப்பிடற மாத்திரையே அதையும் அமுக்கி வெச்சிருக்கு. எக்காரணம் கொண்டும் நிறுத்திடாதீங்க."

சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். ஆனால் சொல்லும்போதே கை அடுத்தவரின் சீட்டுக்குப் போயிருந்தது. கதவருகே நின்ற கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது. யார் காதில் விழுகிறதோ என்ற பதற்றத்தில் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வீடு வந்து சேர்ந்தபோது அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். ஈரல்.

தங்கையிடம் சொன்னாள். தங்கை கணவனிடம் சொன்னாள்.

தங்கை கணவர் ஒரு நல்ல வேலையில் நிலைத்ததில்லை. தண்ணீர் வடிகட்டி விற்றார், இன்சூரன்ஸ் பிடித்தார், முழங்கால் வலிக்குக் காந்தப் படுக்கை விற்றார். அந்தச் சமயத்தில் ஈரலைச் சுத்தம் செய்யும் சிரப் விற்றுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தான் விற்கும் எதையும் முதலில் தானே நம்பிவிடுவார். அதுதான் ஆபத்து.

"இத்தனை வருஷம் அந்த மாத்திரையைப் போட்டா ஈரல் வெந்து போகாம என்னக்கா செய்யும்?" என்றார். "கிருமிதான் செத்துப் போச்சுன்னு அவங்களே சொல்றாங்கல்ல? செத்த பாம்பை எதுக்கு அடிக்கணும்? கொஞ்ச நாள் மாத்திரைக்கு லீவு விடுங்க. இந்த சிரப்பைக் குடிங்க. ஈரல் தேறினதும் மறுபடி போட்டுக்கலாம்."

அவள் தயங்கினாள். அதற்குள் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கக்கா போவேன்? எனக்காக நிறுத்து."

நிறுத்தினாள். மகளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வழக்கம்போலப் போய் மாத்திரையை வாங்கிவந்து, டப்பாவைப் பிரிக்காமல் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

முதல் சில வாரங்கள் அவள் உண்மையிலேயே நன்றாக இருந்தாள். சிரப்பால் அல்ல. அத்தனை வருஷமும் அந்த மாத்திரை தினமும் ஒரு தடவை, நீ யார் தெரியுமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்க ஆளில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து முணுமுணுவென்று பாடினாள். தங்கை கணவர் அவளைச் சுவரோரம் நிறுத்தி, "உடம்பு லேசா இருக்கு, சிரப் ரொம்ப நல்லா இருக்கு" என்று பேசவைத்து போனில் படம் பிடித்துக்கொண்டார்.

கண் மஞ்சளானதை முதலில் பார்த்தவர் துணி வெட்டும் கட்டர். "என்னக்கா, துணிச்சாயம் கண்ணுல பட்டுடுச்சா?" என்றார் சிரித்துக்கொண்டே. அவளும் சிரித்தாள். அன்று சிரப்பை இரண்டு மடங்காகக் குடித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர்கூடக் குமட்டியது. ஒருநாள் மிஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. மகள் வந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

"மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை" என்றாள். உண்மையைச் சொன்னால் யார் சொல்லி நிறுத்தினாய் என்று கேட்பார்கள். தங்கையைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஒரு பொய்யை நம்பி அவர்கள் வேறு வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாற்றுச் சேலை எடுக்க மகள் பீரோவைத் திறந்தபோதுதான் பிரிக்காத டப்பாக்கள் வெளியே வந்தன. அவற்றை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடிவந்து டாக்டர் மேஜைமேல் கொட்டினாள்.

டாக்டர் ஒரு டப்பாவை எடுத்துப் பிரிக்காத மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு கிருமியையும் கட்டிப் போட்டிருந்தது இதுதாம்மா. ஈரலைக் கெடுக்குதுன்னு நினைச்சு, ஈரலைக் காப்பாத்திட்டிருந்ததை நிறுத்திட்டாங்க" என்றார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். ஆனால் ஈரல் அதற்குள் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. வயிறு நீர் கோத்துப் பானையாக வீங்கியது. மாற்று ஈரல் என்ற பேச்சை டாக்டர் எடுத்தார், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்த வேகத்திலேயே விட்டார்.

அந்த வார்டில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் குடித்துக் கெட்டவர்கள். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த கட்டர், சுற்றுமுற்றும் பார்த்தார். திரும்பிப் போய் அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "ஈரல் போயிடுச்சாம்" என்று மட்டும்தான் சொன்னார். மீதியைக் கடையே சேர்த்துக்கொண்டது. தனியாக இருக்கிற பொம்பளை, ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு என்ன செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்? அந்தச் சத்து மாத்திரை டப்பாகூட இப்போது சந்தேகத்துக்கு இடமானது.

மகள் காதுக்கு அது வந்தபோது அவள் கொதித்துப் போனாள். "நான் கடைக்குப் போய் எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன்மா. உண்மையைச் சொல்லப்போறேன்."

"எந்த உண்மையை?" குரல் எழும்பவில்லை அம்மாவுக்கு.

"நீ குடிக்கலைங்கற உண்மையை."

"அப்ப எதனாலன்னு கேப்பாங்க."

"காமாலைக் கிருமின்னு சொல்றேன்."

"அது ஏன் இவ்ளோ முத்துச்சுன்னு கேப்பாங்க. என்ன மாத்திரையை நிறுத்தினேன்னு கேப்பாங்க. ஒரு நூலை உருவினா மொத்தத் தையலும் பிரிஞ்சிடும்டி." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "குடிகாரின்னே இருந்துட்டுப் போறேன். குடிகாரி பொண்ணைக் கட்டிக்க ஆள் வரும். அந்த வியாதிக்காரி பொண்ணுக்கு வராது."

மகள் அன்று கடைக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கர்ட்டன் அக்கா இறந்தாள். கணவனின் அண்ணன் வந்தார். அத்தனை வருஷமும் மூடி வைத்த வாயை அன்றைக்குத் திறந்தார். "இவ பழக்கம்லாம் தெரிஞ்சுதான் நாங்க அப்பவே ஒதுங்கிட்டோம்" என்று கூசாமல் சொன்னார். நாலு பேர் தலையாட்டினார்கள். முதலாளி நல்ல மனிதர். மகளைத் தனியே அழைத்து, "அம்மாவைத் தப்பா நினைக்காதம்மா. தனியா கஷ்டப்பட்டாங்க. ஏதோ ஒரு பழக்கம் வந்துடுச்சு, மனுஷங்கதானே" என்று ஆறுதல் சொன்னார். மகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சில வாரம் கழித்து, சூப்பர் மார்க்கெட்டில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். சிரப் விளம்பரத்தில் அம்மா சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள்.

சித்தப்பா பதறினார். "அது எங்கெங்கயோ போயிடுச்சும்மா. இனிமே யார்கிட்டன்னு சொல்லி அழிக்கறது?" என்றவர், தயங்கித் தயங்கி, "அதைப் பாத்துட்டு இன்னும் ஆளுங்க கேக்கறாங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கித்தான் இருந்தன.

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்டி. உங்கம்மாமேல எனக்கு இருந்த பாசம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சித்தி" என்றாள் மகள். "உங்களுக்குப் பாசம் இல்லைன்னா அம்மா உங்க பேச்சைக் கேட்டிருக்கவே மாட்டாங்க."

சித்தியின் பிடி தளர்ந்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மறுநாள் அவளுக்குக் காலை ஷிஃப்ட்.