தலை முளைக்காத புழுக்கள்

அண்ணனின் சவர பிளேடால் அண்ணி முதல் புழுவை இரண்டாக வெட்டிய காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எழுபதுகளின் கடைசி, நெய்வேலி குவார்ட்டர்ஸ். விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத தட்டைப்புழு அது. தலையை வெட்டினாலும் பத்து நாளில் புதுத் தலை முளைத்துவிடும். புகையிலைச் சாறும் மயில்துத்தம் என்கிற நீல உப்பும் அந்த வளர்ச்சியை எப்படித் தடுக்கின்றன என்பதுதான் அண்ணி பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. மாமியார் வீட்டுச் சமையலறையில் புழு வளர்த்த மருமகள் எங்கள் பிளாக்கிலேயே அவர் ஒருவர்தான். அதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கர்வம்தான்.

குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை வரும் என்று, காடாம்புலியூர்ப் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தனிக் குடத்தில் வைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிண்ணத்தில் எதுவும் கலக்காத வெறும் ஓடைத் தண்ணீர். அதில் இருக்கும் புழுக்களுக்குத் தலை முளைத்தே ஆகவேண்டும். முதல் தடவை முளைத்தது. இரண்டாம் தடவை ஒன்றுக்குக்கூட முளைக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. தவறினால் ஒரு வருடம் வீண்.

ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன், "போன தடவை முளைச்சுதுல்ல? அதையே எழுதிடு. புழுவை யாரு வந்து எண்ணப் போறா?" என்றான்.

"முளைக்கலன்னு நான் பாத்துட்டேனே" என்றார் அண்ணி.

அடுப்படியில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி கலங்கலா இருந்துச்சும்மா. பாவம் புள்ள கஷ்டப்படுதேன்னு, படிகாரத்தை எடுத்துக் குடத்துல நாலு சுத்து சுத்திட்டேன்."

தண்ணீர் தெளிய வேண்டுமென்று அம்மா எப்போதும் செய்வதுதான். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணி கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நோட்டை எடுத்தார். "நாலு சுத்தா, அஞ்சா அத்தை? சரியா சொல்லுங்க."

அந்த வருடம் போனது போனதுதான். புதுத் தண்ணீர், புதுப் புழுக்கள் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை படிகாரத்துக்கென்றே தனியாக ஒரு கிண்ணம். வெறும் தண்ணீரில் எல்லாப் புழுக்களுக்கும் தலை முளைத்தது. படிகாரக் கிண்ணத்தில் முளைக்கவில்லை. இன்று கல்லூரியில் பாடம் நடத்தும் நான், எண்களைச் சரிக்கட்டிக் கொண்டுவரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆய்வேடு பைண்டாகி வந்தது. நன்றிப் பக்கத்தில், வழிகாட்டிய பேராசிரியருக்கும் முன்னால், அம்மாவின் பெயரும் படிகாரமும் இருந்தன. ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

"அய்யய்யோ, நான் செஞ்ச தப்பையா அச்சடிச்சிருக்கா?"

"தப்பை இல்ல அத்தை" என்றார் அண்ணி. "அதை நீங்க வாயைத் திறந்து சொன்னீங்க பாருங்க, அதை."