காப்பாரில் எடுத்த ரத்தம்

டாக்டர் கனகேஸ்வரியிடம் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பத்தரை வருடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய யாழ்ப்பாண வம்சத்து அம்மாள் அவர். மூளைக்கும் கண்ணுக்கும் வரும் பரம்பரை நோய்கள் எந்த மரபணுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று தேடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து, குடும்ப வரைபடம் போட்டுக்கொண்டு வருவது என் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர் என்றால் உள்ளே கறுப்பு. இதில் என்ன பெரிய தப்பு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

1993இல் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரில் லோரி ஓட்டிய நாகையாவின் குடும்பம் கிடைத்தது. முதலில் மாலைக்கண், பிறகு பக்கப் பார்வை போகும், ஐம்பது வயதுக்குள் முழு இருட்டு. நாகையா, அவர் தம்பி, மகன் அய்யாவு என்று வரிசையாகக் கறுப்படித்தேன். மகள் லெட்சுமிக்கு இருபத்துநாலு வயது. கிள்ளானில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவள் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

"எனக்கும் வருமான்னு டாக்டர் சொல்லட்டும் அண்ணே. அப்புறம்தான் கல்யாணம். என்னைக் கட்டிக்கிட்டு அவர் ஏன் கஷ்டப்படணும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சமைத்துப் பழகுகிறாள் என்று அம்மா பவுனம்மாள் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எக்ஸ்ரே ஃபிலிம் போல ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வரிசையாகக் கோடுகள். பிள்ளையின் கோடுகளில் பாதி அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும், பாதி அம்மாவிடமிருந்து. லெட்சுமியின் கோடுகள் இருவரோடும் ஒத்துப்போகவில்லை.

"ராதாகிருஷ்ணன், டியூபை மாத்திப் போட்டீரோ?"

"இல்ல டாக்டர். நானே பேர் எழுதி ஒட்டினேன்."

"அப்ப இது யாற்ற ரத்தம்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுவாரமே மோட்டார் சைக்கிளில் காப்பாருக்குப் போய் மறுபடி எடுத்து வந்தேன். மறுபடியும் அதே கோடுகள். டாக்டர் சோதனை மருந்தைச் சந்தேகப்பட்டார், ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டார், என்னை விடாமல் சந்தேகப்பட்டார். அப்பா வேறொருவர் என்றால் அது உலகத்தில் நடப்பதுதான். அம்மாவுமா வேறு? ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிட்டதா? அந்த ரத்தத்தில் நோய் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் அது லெட்சுமியின் ரத்தம்தானா என்பதே சந்தேகமாக இருக்கும்போது, உனக்கு வராது என்று எப்படிச் சொல்வது? "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அங்கே மாப்பிள்ளை வீட்டார் தேதி கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் முறை டாக்டர் என்னை நம்பவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு தானே காரில் காப்பாருக்கு வந்தார். லெட்சுமி காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். வெளுத்த நிறம், சின்னக் கண்கள், நெற்றியில் பொட்டு. டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எங்கள் கிள்ளான் பக்கத்தில் இப்படித் தமிழ் வீட்டில் வளர்ந்த சீனப் பிள்ளைகள் நிறையப் பேர். பார்த்துப் பார்த்துப் பழகியதில் எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன், இரண்டு என்றார்கள், ஒரு கட்டமும் ஒரு வட்டமும் போட்டேன். பெற்றதா, எடுத்து வளர்த்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"பொறந்த மூணாம் நாளு, பாசார்ல மீன் விக்கிற சீனத்தம்மா தூக்கிக் கொடுத்துச்சு டாக்டர்" என்றார் பவுனம்மாள். "அதனால என்ன, எங்க பிள்ளைதான் லா."

லெட்சுமிக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். தெரிந்தும் பயந்திருக்கிறாள். அப்பாவுக்கு வந்தது, அண்ணனுக்கு வந்தது, தனக்கு மட்டும் எப்படி வராமல் போகும் என்று.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது பெத்த தாய் தகப்பனிட்டயிருந்து வாற நோய், பிள்ளை. உனக்கு வராது. நீ கலியாணத்தைச் செய்."

நாற்காலியில் இருந்த நாகையா தடுமாறி எழுந்தார். சந்தோஷத்தில் அவருக்கு வாய் குழறியது.

"முருகா! நல்ல வேளை தாயி, நீ எனக்குப் பொறக்கல!"

இருபத்துநாலு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. மனிதர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். லெட்சுமி சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. எனக்குக் கண்ணு போனாலும் போகட்டும். அப்படி மட்டும் சொல்லாதீங்க."