'தல வலிக்குதா?' என்று கேட்டவர்

மார்வின் சார் அமெரிக்காவில் இறந்துவிட்டார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை எங்கள் பழைய சைட்டின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அவருடைய போனிலிருந்தே அவர் மகள் போட்டிருந்தார். பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், "நெசமா, பொய்யா?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் விஷயத்தில் எதையும் உடனே நம்பும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. கத்தாரில், ராஸ் லஃபானில் அவரிடம் வேலை பார்த்த உங்களில் யாருக்கும்தான் இருந்ததில்லை, ஒப்புக்கொள்ளுங்கள்.

எங்கள் சைட்டின் சேஃப்டி அதிகாரி அவர். அதற்கு முன் எட்டு வருடம் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவர். கதவை அடைக்கும் உடம்பு. என் ரூமில் இருந்த முருகேசன் அந்த ஆட்டத்தைப் போனில் தேடிப் பார்த்தான். "என்னடா இது, கெடாமுட்டு மாதிரில்ல இருக்கு! அங்க ராசாவா இருந்தவன் இந்த வெயில்ல வந்து நிக்கிறான்னா, ஏதோ கேஸுல மாட்டித்தான் ஓடி வந்திருக்கான்" என்றான். நாங்களும் தலையாட்டினோம்.

தினமும் காலையில் சைட் வாசலில் நின்று ஒவ்வொருவர் கண்ணையும் உற்றுப் பார்ப்பார். "தல வலிக்குதா?" என்பார். நேபாளிகளிடம் நேபாளியில், வங்காளிகளிடம் வங்காளத்தில் அதே கேள்வி. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பிறகு ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதுவார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது என்று நினைத்தோம். அந்த நோட்டில் பேர் ஏறினால் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு.

ஒருநாள் சாரத்தின் மேல்தட்டிலிருந்து ஒரு இரும்புக் கிளாம்ப் என் தலையில் விழுந்து ஹெல்மெட் விரிசல் விட்டது. அதை ஸ்கிராப்பில் எறிந்துவிட்டு, முருகேசன் வைத்திருந்த புது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். அடிபட்டதை வெளியே சொல்பவன் எங்களில் யார்? மறுவாரம் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் தங்கைக்கு நிச்சயம் முடிந்திருந்தது.

மறுநாள் அவர் கேட்டார். "இல்ல சார்" என்றேன். என் ஹெல்மெட்டின் பளபளப்பைப் பார்த்தார். நேற்று எந்தத் தட்டில் வேலை செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு நினைவே வரவில்லை. நோட்டை எடுத்தார்.

"சார், ஊருக்கு மட்டும் அனுப்பிறாதீங்க சார்" என்று தமிழிலேயே கெஞ்சினேன். அவர் தன் நெற்றியைத் தட்டிக்காட்டி எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: "நானும் வலி இல்லை என்றுதான் சொன்னேன். எட்டு வருடம். எல்லோரும் நம்பினார்கள்."

மூன்று வாரம் ஸ்டோரில் உட்காரும் வேலை கொடுத்தார். கான்ட்ராக்டையும் புதுப்பித்தார்கள். நான் நன்றி சொல்லவில்லை. இந்த ஆளுக்கு என்மேல் எதற்கு இவ்வளவு கரிசனம் என்றே மனம் குடைந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு தினமும் என்னிடம் மட்டும் இரண்டு முறை கேட்க ஆரம்பித்தார். சில நாள் என்னை முருகேசன் என்று கூப்பிட்டார். ஒருநாள் தன் பஸ் எது என்று தெரியாமல் நின்றார். "ஆளு தண்ணி போட்டுட்டு வர்றான், கேட்டதையே கேக்குறான்" என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். இதை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆட்டத்தில் பட்ட அடிகளால் அப்பாவுக்குப் பல வருடமாகவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது, அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைப்பார் என்று மகள் குழுவில் எழுதியிருந்தார். நோட்டின் சில பக்கங்களையும் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஒன்றில் என் பெயர், என் ஊர், என் ஹெல்மெட்டின் நிறம். கீழே ஒரு வரி: "வலி இல்லை என்பான். இரண்டு முறை கேள்."

இப்போது நான் அபுதாபியில், முசஃபாவில் ஃபோர்மேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். காலையில் வாசலில் நின்று கேட்கிறேன். என் ஆட்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "இல்லண்ணே" என்கிறார்கள்.

மறுபடியும் கேட்கிறேன்.