வீட்டை உடைத்து வெளியே வந்த படகு

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பெரியண்ணன் என்னிடம் கேட்டார். கேட்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு. அந்தப் படகு விஷயத்த மட்டும் வுட்டுடு. வந்தவங்க படிச்சா நல்லா இருக்காது."

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். படகை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் இதைப் பெரியண்ணனிடம் காட்டாமல், உத்திரமேரூர் அச்சகத்தில் நானே நேரில் கொடுத்தேன். படித்தால் நன்றாக இருக்காது என்று அவர் சொன்னது உண்மைதான். நடந்ததும் நன்றாக இல்லை.

மானாம்பதி போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். மூத்தவர் பெரியண்ணன். கடைசி நான். எட்டாம் வகுப்போடு அண்ணனின் படிப்பு நின்றது. பெரியண்ணன் மேலே படிக்க வேண்டும், நிலத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வீட்டில் முடிவானது. அண்ணனை யாரும் கேட்கவில்லை. அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று பிற்பாடு ஒரு கதை கட்டினார்கள். அந்தக் கதையை இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய்.

நிலத்து வேலை போக மிச்ச நேரத்தில் உத்திரமேரூரில் ஒரு மரக்கடையில் கதவு, ஜன்னல் செய்யக் கற்றார். அங்கிருந்து வளைகுடா நாட்டுக்குப் போனார். மரப்படகு கட்டும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை. இடையில் கல்யாணம் நடந்தது. அண்ணிக்குக் குழந்தை பிறக்கவில்லை. இந்தக் கட்டுரையைத் தங்கை எழுதுவது அதனால்தான். நல்லது கெட்டது நடந்த இடங்களிலெல்லாம் அண்ணியிடம் அதைக் குத்திக் காட்டியவர்களும் இந்த மலரை வாங்கியிருப்பீர்கள்.

அண்ணன் இனிமையாகப் பழகுவார் என்று எழுத மாட்டேன். முன்கோபக்காரர். என் கணவர் ஆசையாக வாங்கிய கட்டிலைத் தட்டிப் பார்த்து, "அட்டைய வாங்கிக்கினு வந்திருக்கியே மாப்ள" என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னார். என் மகள் காதுகுத்துக்கு வரவில்லை. ஒரு பலகையை ஆவியில் வைத்திருந்ததாகவும் பாதியில் விட்டு வர முடியவில்லை என்றும் மறுநாள் சொன்னார். அதற்காக மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை.

முதுகு வலியோடும் ஒரு பெட்டி உளிகளோடும் ஊர் திரும்பியவர், இரண்டாம் மாதமே பின்வாசல் தோட்டத்தில் சுண்ணாம்பால் நீளமாகக் கோடு போட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஆடு கட்ற எடத்துல இன்னா கோடு போட்டுக்கினு கீறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"படகு. பாய் கட்டி ஓட்றது."

"எந்தத் தண்ணியில வுடப் போறீங்க?"

"ஏரி கீதே."

"ஏரியில நாலு மாசந்தான தண்ணி நிக்கும்?"

"நாலு மாசம் போதும்."

நான் சிரித்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சிரிக்காத பாப்பா. அங்க முப்பது படகுக்கு மேல செஞ்சிருக்கேன். முடிச்ச அன்னிக்கே வந்து இழுத்துக்கினு பூடுவாங்க. நாங்க கரையில நின்னு பாப்போம். பாய் விரிச்சி ஓட்ற படகுல ஒருநாள்கூட ஒக்காந்தது இல்ல."

ஐந்து வருடம் ஆயிற்று. படகின் முதுகெலும்பான அடிமரத்துக்கு வேங்கை மரம் வாங்கினார். விலா எலும்பு போல வளைந்து ஏறும் மரங்களுக்கு இயற்கையாகவே வளைந்த கிளைகள் வேண்டும். நேர்மரத்தை அறுத்து வளைத்தால் உடைந்துவிடும். அந்தக் கிளைகளைத் தேடிக் கொடுத்தவர் கன்னியப்பன். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பில் இருப்பவர், மீன் பிடிப்பார், கூலி வேலைக்கும் போவார். யார் வயலில் வேலமரம் வெட்டினாலும் போய்ப் பார்த்து, வளைந்த கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்.

"மேஸ்திரி, இது பொருந்துமா பாரு" என்பார். அண்ணன் அட்டையில் வெட்டிய அளவை வைத்துப் பார்ப்பார். பத்தில் ஒன்று பொருந்தும்.

பலகைகளை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் இருவரும் சேர்ந்து வளைத்து இறுக்குவார்கள். ஒரே இடத்தில் மூன்று பலகைகள் வெடித்தன. நான்காவது பொருந்திற்று. இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். அந்த வாடை பிடிக்கவில்லை என்று பெரியண்ணன் வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

ஊரில் அண்ணனுக்குக் கப்பல்காரர் என்று பெயர் வந்தது. கல்யாணப் பந்தலில், "கப்பல் எப்பக் கெளம்புது?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கேட்டவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். எழுதவில்லை. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பாய்த்துணியைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்தார். வாடிக்கைக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு ஜாக்கெட் வேலையே தலைக்கு மேல கீதுணா. கப்பலுக்கெல்லாம் என்னால தெக்க முடியாது" என்றேன். அந்த நான்கு பேரும் சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். சிரித்தார்கள். அண்ணன் துணியை மறுபடி சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கோணி ஊசியால் கையாலேயே தைத்து முடித்தார். அதற்கு ஒரு கோடைக்காலம் முழுக்கப் போயிற்று.

படகு முடியும் தறுவாயில் பெரியண்ணன் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. படகைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் கேலி பேசினார்கள் என்றும், இருளர் ஆள் தோட்டத்தில் உரிமையோடு நடமாடியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லப்பட்டது. வேறு காரணமும் இருந்திருக்கலாம். பெரியண்ணன் வேறெதையும் யோசிக்கவில்லை. தோட்டத்திலிருந்து சந்துக்குப் போகும் வழி அவர் பட்டாவில் இருந்தது. இரண்டே நாளில் அதன் குறுக்கே ஹாலோ பிளாக் கல்லில் ஆளுயரச் சுவர் எழுப்பினார். படகு வெளியே வர அது ஒன்றுதான் வழி.

ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து பேசினார்கள். பேசினார்கள் என்றால், அண்ணனிடம்தான் பேசினார்கள்.

"அவன் எடம், அவன் செவுரு. ஒனக்கு இந்த வயசுல படகு இன்னாத்துக்கு? வெறகுக்குப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் ஒருவர்.

நானும் இருந்தேன். "போதும்ணா, வுட்டுடு" என்றேன். அண்ணன் எழுந்து போய்ப் படகின் மேல் தார்ப்பாயை மூடினார். ஐந்து வருட வேலையை மூடிவிட்டு அவர் உள்ளே வந்தபோது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ஒரு காலையில் ஊரே அங்கே ஓடியது. நானும் ஓடினேன். அண்ணன் வீட்டுக் கூடத்தின் பின்சுவரை அண்ணி கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார். தெருப்பக்கச் சுவரை அண்ணன் இடித்துக்கொண்டிருந்தார். சந்துவழியை அடைத்தால் சொந்த வீட்டுக்குள் புகுந்து தெருவுக்கு வருவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். கூரைக்குப் பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பெரியண்ணன் தன் வாசலில் நின்று கத்தினார். "இன்னாடா பைத்தியக்காரத்தனம் இது? குடியிருக்கற வூட்ட எவனாவது இடிப்பானா?"

அண்ணி கடப்பாரையை ஊன்றி நின்றுகொண்டு சொன்னார்: "வூடு நாங்க கட்னது. மறுபடியும் கட்டிக்குவோம். நீங்க உங்க செவுத்தப் பாத்துக்கங்க."

கன்னியப்பன் குடியிருப்பிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும். வாழைமரங்களைத் துண்டு போட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பி, அதன்மேல் படகைத் தள்ளினார்கள். பதினெட்டு அடிப் படகு அண்ணி சமைத்துச் சாப்பாடு போட்ட கூடத்துக்குள் நுழைந்து, சாமி படங்களைத் தாண்டி, அங்குலம் அங்குலமாகத் தெருப்பக்கம் வந்தது. எங்கள் பங்காளிகள் இருபது முப்பது பேர் கைகட்டி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். நான் அவர்களோடு நின்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "வேடிக்கை பாக்க வந்தியா, தள்ள வந்தியா?"

நான் போய்ப் பிடித்தேன். எங்கள் சனத்தில் அன்று படகைத் தொட்டது நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒருத்திதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிராக்டரில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கியதும் படகுக்குள் தண்ணீர் ஏறி, விளிம்பு வரை முழுகிற்று. "கப்பல் முழுகிப்போச்சு" என்று நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. கைதட்டும் படங்கள் எத்தனை வந்தன என்று எனக்கு நினைவிருக்கிறது. புதுப்பலகை தண்ணீரில் ஊறிப் பருத்தால்தான் இடுக்குகள் அடைபடும். அது அண்ணனுக்குத் தெரியும், கன்னியப்பனுக்குத் தெரியும். மூன்றாம் நாள் இருவரும் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். படகு மேலே வந்தது. அதன்பிறகு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அந்த வீடியோவை யாரும் எடுக்கவில்லை.

பாய்மரம் நட்டு, பாயை ஏற்றினார். முதலில் அண்ணியை உட்கார வைத்தார், அடுத்து கன்னியப்பனை. படகு சாய்ந்து, பின் நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் எதிர்க்கரை நோக்கிப் போனது. திரும்பி வந்ததும், "எப்படிணா இருந்துச்சி?" என்று கேட்டேன்.

"முதுகு வலிக்கல" என்றார்.

இரண்டு மழைக்காலம் ஓட்டினார். என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கடைக்கு வந்த அந்த நாளைப் பற்றி அவர் ஒருமுறையும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நானும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்துக்கு முன்பே முதுகு வலி வேறொன்றாக மாறிவிட்டது. புற்று எலும்பில் பரவிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கடைசி ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். கூடத்தின் சுவர்களை அதற்குள் கட்டி முடித்திருந்தார்கள். பூச்சு வேலை மட்டும் பாக்கி. ஒரு பகல் வேளையில், அண்ணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, போதும் என்று கையைக் காட்டினார். அதோடு போய்விட்டார்.

அன்று மாலைக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியது. படகில் அண்ணன் நிற்கும் படம். கீழே பெரியண்ணனின் பெயரும், விறகுக்குப் போடச் சொன்னவரின் பெயரும், வீடியோ அனுப்பியவர்களின் பெயர்களும் இருந்தன. கன்னியப்பன் பெயர் இல்லை.

கருமாதிச் சாப்பாட்டில் கன்னியப்பனையும் அவர் மனைவியையும் தெருவில் காத்திருக்கச் சொன்னீர்கள். உறவினர் பந்தி முடிந்து கூப்பிடுகிறோம் என்றீர்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு அவர்கள் சாப்பிடாமலே போனார்கள். அண்ணிக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஏரிக்கரைக்கு நடந்தே போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்து அழுதார். கணவர் இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். மரம் தேடிக் கொடுத்து, படகைத் தள்ளி, கடைசி நாட்களில் அண்ணனைத் தூக்கிக் குளிக்க வைத்த கன்னியப்பனுக்கும் அவர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. வாழைமரம் கொடுத்த திருப்புலிவனத்து விவசாயிக்கும் டிராக்டர் ஓட்டியவருக்கும் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி எதுவும் இல்லை.

இன்றைய சாப்பாடு அண்ணியின் பொறுப்பில், அண்ணன் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. முதல் பந்தியில் கன்னியப்பன் குடும்பமும் அவர்கள் குடியிருப்பிலிருந்து வந்திருப்பவர்களும் உட்காருவார்கள். நானும் அண்ணியும் அவர்களோடு உட்காருவோம். பக்கத்தில் இலை போட்டிருக்கிறது, உட்காரலாம். மனமில்லாதவர்கள் மலரை எடுத்துக்கொண்டு புறப்படலாம்.

இப்படிக்கு,
தங்கை