அயிலையும் அரிச்சுவடியும்

"யக்கா, அந்தப் பாறைமீனத் தொடாதீங்க. அவன் நேத்தைய ஆளு. இந்தா இருக்காம்லா விளமீனு, இவன் விடியக்காலம் வரைக்கும் கடல்ல நீந்திக்கிட்டுக் கெடந்தவன். இவனக் கூட்டிட்டுப் போங்க."

தானியேல் பர்னாந்து மீனை அஃறிணையில் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு நெத்திலி 'பொடிப்பயலுவ', கணவாய் 'மைக்கூட்டுக்காரரு', நண்டு 'கோவக்கார மாமியா'. பழைய மீனைப் பழையது என்று தாமே சொல்லிவிடுவார். அதற்காகவே அவருக்குக் காத்திருக்கும் வீடுகள் மேலப்பாளையத்தில் பல உண்டு. மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் ரப்பர் ஹாரன், கால் வைக்கும் இடத்தில் அரிவாள்மணையும் தண்ணீர்க் குடமும். பிறந்தது புன்னக்காயல், பெண் எடுத்துக் குடியேறியது கொக்கிரகுளம். கடலைவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும், தாமிரபரணியை அவர் இன்றுவரை 'வாய்க்கா' என்றுதான் சொல்கிறார்.

எந்தத் தெருவில் ஹாரனை அடிக்கலாம், எந்தத் தெருவில் அடிக்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். டவுணில் சைவக் குடும்பங்கள் வாழும் தெருக்களைக் கடக்கும்போது, பெட்டியின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, பைய உருட்டிக்கொண்டு போவார். இவ்வளவு பதமாக நடப்பவர்தாம் அந்தப் பெரும் பிழையைச் செய்தார்.

அதைச் சொல்வதற்கு முன் அவருடைய மகள் ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவள் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டிவிட்டால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பு முழுவதும் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. வருகைப் பதிவுக்குப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். 'மருத்துவரிடம் காட்டுங்கள், வேறு பள்ளி பாருங்கள்' என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தானியேலின் மனைவி ரெஜினா ஒரு மாதம் அழுதார்.

இரண்டாம் வகுப்புக்குச் சித்ரலேகா டீச்சர் வந்தார். சில வாரங்கள் சென்றபின், ஜெனிட்டா வீட்டுக்கு வந்ததும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினாள்.

"ப்பா, டீச்சர் இன்னைக்கும் கேட்டாவ. ஒங்க அப்பா இன்னைக்கி என்ன மீனு கொண்டாந்தாவன்னு."

"நீ என்னட்டி சொன்ன?"

"சாளை, சூடை, அயிலைன்னு சொன்னேன்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாய் திறந்துவிட்டாள் என்பதைக் கேட்டதும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளும் டீச்சர் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அன்று சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த தானியேலுக்குத் திடீரென்று ஓர் எண்ணம் உதித்தது.

"ஏட்டி ரெஜினா, தெனமும் மீனைக் கேக்காவன்னா என்ன அர்த்தம்? வாய்விட்டுக் கேக்க வெக்கப்படுதாவ."

"ஆமாய்யா! படிச்ச பொம்பள, நேருக்கு நேரா 'எனக்கு ரெண்டு மீனு குடுத்தனுப்பு'ன்னா சொல்லுவாவ? சின்னப் பிள்ளையிட்ட சாடையாச் சொல்லி விடுதாவ. நீருதான் கூறில்லாம இருந்திட்டீரு."

பேச வைத்த டீச்சருக்கு ஒரு துண்டு மீன்கூடக் கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று இருவருக்கும் வருத்தமாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை சந்தைக்கு வந்ததிலேயே நல்ல சீலா மீனைத் தானியேல் தேர்ந்தெடுத்தார். யார் கேட்டும் விற்கவில்லை. துண்டு போட்டு, முள் நீக்கி, மஞ்சள் தடவி, வாழையிலையில் பொதிந்து, பெருமாள்புரத்தில் டீச்சர் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். பெருமாள்புரம் புதிதாக விரிந்த பகுதி. எல்லாரும் கலந்து வாழும் இடம். அங்கே தெருவைப் பார்த்து அடுப்பை அறிய முடியாது.

கதவைத் திறந்தவர் டீச்சரின் கணவர் பாலசுப்பிரமணியன். நெற்றி நிறையத் திருநீறு.

"யாரு?"

"ஜெனிட்டா அப்பா. டீச்சருக்கு ஒரு சீலா கொண்டாந்தேன் ஐயா. முள்ளெல்லாம் எடுத்தாச்சி. மஞ்சளும் போட்டாச்சி. அப்பிடியே சட்டியில எறக்கிற வேண்டியதுதான்."

அவர் கோபப்படவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, "எங்க வீட்டுல முட்டைகூட வாங்குறது கெடையாதே, அண்ணாச்சி" என்றார்.

நீட்டிய பொதியைத் தானியேலால் கொடுக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. நெற்றியிலிருந்த திருநீறு அப்போதுதான் அவருடைய கண்ணில் பட்டது. பேச்சுக் குரல் கேட்டுச் சித்ரலேகா டீச்சர் வெளியே வந்தார். பொதியைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார். சட்டென்று இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"இதுதான் சீலாவா? பேரைப் பலகையில எழுதியிருக்கேன். ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

பிறகு, வாசற்படியில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். ஒரு நாள் மதிய உணவு வேளையில், பக்கத்தில் இருந்த பிள்ளை தன் தூக்குச்சட்டியைத் திறந்து 'சாளைக் குழம்பு' என்று சொன்னதாம். அதை எட்டிப் பார்த்த ஜெனிட்டா, 'இது சாளை இல்ல, சூடை' என்று முணுமுணுத்தாளாம்.

"அதுதான் உங்க பிள்ள என் வகுப்புல பேசுன மொதப் பேச்சு. விடுவனா? அதையே பிடிச்சுக்கிட்டேன். அ அயிலை, இ இறால், ஊ ஊளி, க கணவாய்னு பலகையில எழுதிப் போடுதேன். அவ எந்திரிச்சு நின்னு வாசிக்கா. இப்போ மத்த சொல்லும் வாசிக்கா." சற்று நிறுத்தி, "இதை எதிர்த்த வீட்டுல குடுத்துருதேன், சந்தோசமாச் சாப்பிடுவாங்க. ஆனா எனக்கு இனிமே எதுவும் கொண்டு வராதீங்க. பிள்ள வாசிக்கது எனக்குப் போதும்" என்றார்.

தானியேல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அதன்பின் பல நாள் பெருமாள்புரத்தின் பக்கமே மொபெட்டைத் திருப்பவில்லை. நாள்தோறும் மீன் வாங்கும் மேலப்பாளையத்து ஜமீலா பீவியிடம்தான் மனத்திலிருந்ததைக் கொட்டினார்.

"நன்றி சொல்லப் போயி, நல்ல மனுசர் வீட்ட நாறடிச்சிட்டு வந்திருக்கேம்மா. இனி எத்தக் குடுத்து இந்தக் கடனைக் கழிக்க?"

"எங்க பிள்ளைங்க ஓதி முடிச்சா, ஓதிக்குடுத்த உஸ்தாதுக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுப்போம்" என்றார் ஜமீலா பீவி.

"அப்ப டீச்சருக்கு ஒரு சேலை எடுத்திரட்டா?"

"ஏல கிறுக்கா! ஊராம் பொண்டாட்டிக்கு நீ சேலை எடுத்தேன்னா, ஒம் பொண்டாட்டி ஒன்னைய இந்த அருவாமணையிலயே வச்சு அரிஞ்சிருவா. பேசாம மீன வெட்டு."

உப்பளத்து உப்பு ஒரு மூட்டை கொடுக்கலாம், உப்பில் சைவம் அசைவம் கிடையாது என்று அவர் யோசித்தார். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று ரெஜினா தடுத்துவிட்டார். டீச்சரோ எதுவும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வாங்கிக்கொள்ள மறுப்பவருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி, தொண்டையில் சிக்கிய முள்போல அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் ஜெனிட்டா உம்மென்று வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே பலகையில மீனு எழுதக் கூடாதாம்ப்பா. பெரிய டீச்சர் சொல்லிட்டாவ. வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசப் போறாவளாம்."

"நீ இன்னைக்கி வாசிச்சியாம்மா?"

அவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று பெயர் கூப்பிட்டபோதுகூட 'உள்ளேன் அம்மா' என்று அவள் சொல்லவில்லை என்பதை ரெஜினா மறுநாள் விசாரித்து அறிந்துவந்தார்.

பெற்றோர் கூட்டங்களுக்குத் தானியேல் அதுவரை போனதில்லை. நாற்காலியில் பக்கத்தில் உட்காருபவர் மூக்கைச் சுளிப்பார் என்று மனைவியை அனுப்பிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, கிறிஸ்துமசுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

முன்வரிசையிலிருந்து எழுந்தவர் அம்மையப்பன். வண்ணார்பேட்டையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர்.

"டீச்சரை நான் குறை சொல்லல. நல்லாத்தான் நடத்துதாவ. ஆனா, வீட்டுல சாமி கும்பிடுத நேரத்துல எம் பய 'க கணவாய், ந நண்டு'ன்னு உருப்போடுதான். எங்க வீட்டம்மா காதைப் பொத்திக்கிட்டு ஓடுதா. ஏன், அ-னாவுக்கு அம்மா இல்லியா? அணில் செத்தா போச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். கரும்பலகையின் ஓரத்தில் நின்றிருந்த சித்ரலேகா டீச்சர் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் குறையைப் பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். "வீண் பேச்சு எதுக்கு? இனி புத்தகத்துல உள்ளதை மட்டும் எழுதட்டும்" என்று தலைமையாசிரியை முடிக்கப் போனார்.

தானியேல் எழுந்தார். தெருமுனையில் நின்று கூவினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அன்று அதைத் தாழ்த்திப் பேசினார்.

"எம் பேரு தானியேல். மீனு விக்கேன். அந்த மீனெல்லாம் எம் பிள்ளைக்காவ எழுதுனது." எல்லாத் தலைகளும் திரும்பின. "போன வருசம் முழுக்க அவ இங்கன ஒரு வார்த்த பேசல. வேற பள்ளிக்கூடம் பாருன்னு சொல்லிட்டாவ. இந்த டீச்சர் மீனைத் தொட்டவிய இல்ல, தின்னவியளும் இல்ல. தின்னுதவியன்னு நெனச்சுக்கிட்டு, நான் கூறுகெட்டவன், வீட்டுக்கே ஒரு சீலாவத் தூக்கிட்டுப் போனேன்."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் வயித்துப்பாட்டுக்குப் படிச்ச பேரையெல்லாம், அவிய எம் பிள்ளைக்காவப் படிச்சிருக்காவ. இப்ப அவ வாசிக்கா. அண்ணாச்சி, நீங்க சொல்லுததும் நாயந்தான். அம்மாவும் இருக்கட்டும், அணிலும் இருக்கட்டும். ஒரு ஓரத்துல அயிலையும் இருந்துட்டுப் போட்டும். எம் பிள்ள அதப் பிடிச்சித்தான் ஏறி வாரா. இப்பப் போயி அத எடுத்திராதீங்க."

அம்மையப்பன் மறுபடியும் எழுந்தார்.

"இத எனக்கு யாரும் சொல்லலியே, வே" என்றார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்து, "எழுதட்டும் டீச்சர். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். உட்காரும்போது தானியேலின் பக்கம் திரும்பி, "ஆனா எங்க வீட்டம்மாவுக்கு நீருதான் வந்து பதில் சொல்லணும். வரும்போது மீன் பெட்டியக் கொண்டாந்திராதேயும்" என்றார். கூட்டம் கலகலத்தது. தலைமையாசிரியையும் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டு, அடுத்ததாகக் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

எல்லாரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். தானியேல் மட்டும் உட்காரவில்லை. சித்ரலேகா டீச்சர் இன்னமும் அந்தக் கரும்பலகையின் ஓரத்திலேயே, விசாரணைக்கு அழைக்கப்பட்டவரைப்போல நின்றுகொண்டிருந்தார். அவருக்கென்று யாரும் நாற்காலி போட்டிருக்கவில்லை. தானியேல் தம் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே வழி கேட்டு நடந்து, டீச்சரின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வெள்ளைச் சட்டையின் முன்பகுதியை இழுத்து அதன் இருக்கையை ஒரு முறை துடைத்தார். அது போதாதென்று தோன்றியதோ என்னவோ, சாய்மானத்தையும் கைப்பிடிகளையும் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"உக்காருங்க டீச்சர்."