ஒரு வருடக் காசு

காசு கேட்பது சனங்கள், இல்லை என்பது அரசாங்கம். எனக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் நடந்தது. அரசாங்கமே இன்னொரு அரசாங்கத்திடம் போய்க் கையேந்தும், அதற்கு எங்களைத் துணைக்குக் கூப்பிடும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், சொன்ன ஆளை ஒரு மாதிரித்தான் பார்த்திருப்பேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக்கட்டிடத்துக்கு நகரசபையிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞன் வந்தான். மாகாண அரசின் குழு ஒன்று வருகிறது, அவர்கள் முன்னால் வந்து நகரசபைக்காகப் பேசுங்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சிரித்துக்கொண்டு வருகிறவர்களை நான் இரண்டு தரம் பார்ப்பேன். அவனை மூன்று தரம் பார்த்தேன்.

விசயம் இதுதான். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், தாய் தகப்பன் வேலைக்குப் போகும் நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகெயார் இருந்தது. நகரசபைதான் நடத்தியது. என் மகன் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான். காலையில் அவனை அங்கே விட்டுவிட்டு, நான் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கும் மனைவி பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலைக்கும் போவோம். முழுக் கட்டணம் கட்டுவதென்றால் இரண்டு பேரில் ஒருவருடைய சம்பளம் அதற்கே போய்விடும். எங்களுக்குக் கிடைத்தது சப்சிடி இடம், கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே கட்டிவிடும். அது கிடைக்கும்வரை காத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றைக்கும் களைப்பாக இருக்கும்.

அந்தச் சப்சிடிக் காசில் பெரும்பங்கு மாகாணத்திலிருந்து வந்தது. நகரசபை மிச்சத்தைப் போட்டது. உங்கள் செலவை இனி நீங்களே பாருங்கள் என்று மாகாணம் ஒவ்வொரு செலவாக நகரசபைகளின் தலையில் கட்டத் தொடங்கியிருந்த நேரம் அது. டேகெயாருக்கு அடுத்த வருடம் காசு வருமா வராதா என்பது ஒவ்வொரு வருடமும் கடைசி நேரத்தில்தான் தெரியவந்தது. வருடா வருடம் வந்து நிற்க எங்களால் முடியாது, சில வருடங்களுக்குச் சேர்த்து இவ்வளவு என்று உறுதி சொல்லுங்கள், அதைச் சட்டத்திலும் எழுதுங்கள் என்று நகரசபை கேட்டது. கேட்டதில் பிழை இல்லை. அதற்கு ஏன் நாங்கள் என்பதுதான் என் கேள்வி.

என் மனைவிக்கு அப்படி ஒரு கேள்வியே வரவில்லை. அவளுக்கு வேறு யோசனை இருந்தது. செப்டம்பரில் தொடங்கும் நேர்சிங் படிப்புக்கு அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடப் படிப்பு. யாழ்ப்பாணத்தில் இதே படிப்பைத் தொடங்கி, சண்டை வந்து பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவள் அவள். டேகெயார் திறந்திருந்தால் படிக்கலாம். மூடினால் பிள்ளையோடு வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு அண்ணை இருந்தார். செக்குரிட்டி வேலை. அவருடைய மகளும் அதே டேகெயாரில்தான். நகரசபை இளைஞன் வந்துபோன அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

"தம்பி, உவன் ஏன் எங்களைக் கூப்பிடுறான்? இங்கிலீசு வடிவாக் கதைக்கிற ஆக்கள் இந்தக் கட்டிடத்தில இல்லையோ?"

"அதுதான் அண்ணை, நானும் யோசிக்கிறன்."

"சப்சிடி எடுக்கிற ஆக்கள் ஆரெண்டு முகத்தைப் பார்த்து வைக்கப் போறாங்கள். பிறகு ஒவ்வொருத்தரா வெட்டுவாங்கள். குறை சொன்னவனைத்தான் முதல்ல வெட்டுவாங்கள்."

எனக்கு இது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. டேகெயாரின் பொறுப்பாளர் மேலேயும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் கயானாவிலிருந்து வந்தவர், அந்தக் காலத்தில் கரும்புத்தோட்ட வேலைக்கு எங்கள் பக்கமிருந்து போன ஆட்களின் வழி. பார்த்தால் எங்கள் ஆள் மாதிரியே இருப்பார், ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது. தெரியாதது மாதிரி நடிக்கிறாரோ என்றுகூட நான் யோசித்ததுண்டு.

மனைவி தேநீரோடு வந்தாள். "இஞ்சருங்கோ, எங்கட பேரும் சம்பளமும் அவையிட்ட ஏற்கெனவே கிடக்கு. காசு தாறதே அவையள்தானே. புதுசா என்னத்தைக் கண்டுபிடிக்கப் போயினம்?"

அவள் சொன்னது சரிதான். சரியென்பதற்காக எங்கள் சந்தேகம் குறையவில்லை. கடைசியில் அண்ணைதான் ஒரு வழி சொன்னார். போவோம், போகாமல் விட்டாலும் குறித்து வைப்பார்கள். போய் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவோம். குறை என்று ஒரு சொல்லும் வரக்கூடாது. கட்டிடத்திலிருந்த எங்கள் ஆட்களின் வீடுகளுக்கெல்லாம் போய் இதையே சொல்லிவைத்தார். நானும் மனைவியிடம் சொன்னேன்.

"நீர் போறதெண்டால் போம். ஆனா நன்றி எண்டு சொல்லிப்போட்டு இரும். அதுக்கு மேல வாய் திறவாதையும்."

அவள் மகனுக்குச் சட்டை மாற்றத் தொடங்கினாள்.

கூட்டத்துக்குப் போக நகரசபை மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்றை அனுப்பியது. ஏறும்போதே ஆளுக்கொரு சான்ட்விச்சும் ஜூசும் கையில் தந்தார்கள். சாப்பாடு தந்து வாகனத்தில் ஏற்றுவதை நான் ஊரில் தேர்தல் காலத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான் சான்ட்விச்சைத் தொடவில்லை. மகன் சாப்பிட்டான்.

மண்டபத்தில் ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் மாகாணத்தின் ஆட்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒருவர், அவர்தான் தலைவர். ஒரு பக்கச் சுவரோரம் கழுத்துப்பட்டி இளைஞன் நம்பிக்கையோடு நின்றான். எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் எழும்பியது அண்ணை. கலியாணத்துக்குத் தைத்த கோட் போட்டிருந்தார், பொத்தான் பூட்ட முடியவில்லை. எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினார். மகாராணிக்கு நன்றி சொன்னார். பிரதமருக்கு, மாகாணத்துக்கு, நகரசபைக்கு, டேகெயார் பொறுப்பாளருக்கு, அங்கே சமைக்கிற அம்மாவுக்கு என்று ஒருவரையும் விடவில்லை. இந்த நாட்டு அரசாங்கத்தைப் போல ஒரு அரசாங்கம் உலகத்தில் இல்லை என்று முடித்துவிட்டுக் கும்பிட்டார்.

தலைவர் அதுவரை தொடாத பேனாவை எடுத்தார். "கேட்கச் சந்தோசமாக இருக்கிறது," என்றார். "இப்போது தருகிற பணத்திலேயே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று விளங்குகிறது."

சுவரோரம் நின்ற இளைஞனின் முகம் செத்துப்போனது. அண்ணைக்குப் பிறகு எழும்பிய தாய்மார் எல்லாரும் அதே நன்றியைச் சொன்னார்கள். ஒவ்வொரு நன்றிக்கும் தலைவர் ஏதோ எழுதினார். நகரசபை பஸ் விட்டு, சாப்பாடு போட்டு, தன் வழக்கைத் தோற்கடிக்கத் தானே சாட்சிகளை ஏற்றிவந்த கதையாகிவிட்டது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் சிரிப்பு. யாருடைய முகமும் எந்தப் புத்தகத்திலும் ஏறாது, எல்லாரும் தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு என் மனைவி எழும்பினாள். நன்றி என்று தொடங்கினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அவள் கதிரையில் இருக்கவில்லை.

"எனக்கு நேர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அது மூன்று வருடப் படிப்பு. நீங்கள் தருவது ஒரு வருடக் காசு. அந்த மூன்றில் எந்த வருடத்தை நான் படிப்பது?"

சின்னச் சின்ன ஆங்கில வசனங்கள். ஒரு கையால் முன்கதிரையின் முதுகைப் பிடித்திருந்தாள். தலைவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இப்படிச் சொல்லும்படி நகரசபை உங்களுக்குச் சொல்லித் தந்ததா?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த மண்டபத்தில் என்னைப் போல யோசிக்கிற இன்னொரு ஆள் அவர்தான். ஆனால் அந்தக் கேள்வி அவள்மேல் விழுந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது.

"இல்லை," என்றாள் அவள். "ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று என் கணவர்தான் சொல்லித் தந்தார்." கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். நான் மகனைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. இறங்குகிற நேரத்தில்தான், "தங்கச்சி, இனி என்ன வரப்போகுதோ தெரியாது," என்றார். எனக்கும் அதே பயம். டேகெயார் வேலியை ஒருவன் நாடா பிடித்து அளந்தால், ஏன் அளக்கிறான் என்று நின்று பார்த்தேன். பொறுப்பாளர் காலையில் சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று வேலைத்தலம் போய்ச் சேரும்வரை யோசித்தேன். சிரித்தாலும் யோசித்தேன்.

கோடை தொடங்கும்போது செய்தி வந்தது. மாகாணம் காசு தருகிறது. ஒரு வருடத்துக்கு. சில வருடங்களுக்கான உறுதி, சட்டம் என்ற கதையெல்லாம் பின்னர் ஆராயப்படும். பொறுப்பாளர் கேக் வாங்கி வைத்துப் பெற்றோரைக் கூப்பிட்டார். இளைஞனும் வந்திருந்தான், அன்று கழுத்துப்பட்டி இல்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். உங்கள் பேச்சுத்தான் காப்பாற்றியது என்றான்.

"அடுத்த வருடம்?" என்று அவள் கேட்டாள்.

"அடுத்த வருடமும் கேட்போம். நீங்கள் வந்து பேசுவீர்கள்தானே?"

அவள் கேக்கை மகனுக்கு ஊட்டினாள். தான் சாப்பிடவில்லை.

அன்றிரவு, நேர்சிங் படிப்பு வேண்டாம் என்றாள். முதியோர் இல்லங்களில் வேலை செய்ய ஒரு குறுகிய படிப்பு இருக்கிறது, சில மாதத்தில் முடிந்துவிடும், அதைப் படிக்கப் போகிறேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக நான் அரசாங்கத்துக்காகப் பேசினேன்.

"இந்த முறை தந்தவையள்தானே? அடுத்த முறையும் தருவினம். நீர் பயப்படாமல் படியும்."

"நீங்களோ இதைச் சொல்லுறியள்?"

"ஓம், நான்தான் சொல்லுறன். பூட்டினால் நான் இரவு வேலைக்கு மாறுறன். பகலில பிள்ளையை நான் பார்ப்பன்."

"எப்ப நித்திரை கொள்ளுவியள்?" என்று கேட்டுவிட்டு மகனின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள். "ஒருக்காப் பாதியில விட்டிட்டன். அதே படிப்பை இன்னொருக்காப் பாதியில விட என்னால ஏலாது."

அந்தக் கூட்டத்தில் யாரையாவது நம்பி எழும்பி நின்றது அவள் ஒருத்திதான். அவளையும் என்னைப் போல ஆக்கி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவள் அந்தக் குறுகிய படிப்பை முடித்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வசந்தத்திலும் போய்ப் பேசினாள். காசு வந்தது, ஒரு வருடத்துக்கு. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து நகரங்களையெல்லாம் ஒன்றாக்கினார்கள், எங்கள் நகரசபையே ஒரு பெரிய நகரசபைக்குள் போய் மறைந்தது, டேகெயார் வாசலில் பெயர்ப்பலகை மாறியது. இந்தமுறை நிச்சயம் மூடுவார்கள் என்றேன். மூடவில்லை. அப்போதும் ஒரு வருடத்துக்குக் காசு வந்தது. இப்படி ஒவ்வொரு வருடமாக, கடைசிவரை யாரும் எந்த உறுதியும் சொல்லாமல், அந்த டேகெயார் ஒரு நாள்கூடப் பூட்டப்படாமல் நடந்தது.

மகன் செப்டம்பரில் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பதால் ஒரு ஜூன் மாதத்தோடு டேகெயாரிலிருந்து நின்றான். கடைசி நாள் அவனைக் கூட்டிவர இரண்டு பேரும் போனோம். மனைவி முதியோர் இல்லத்துச் சீருடையோடு நேரே வந்திருந்தாள். உள்ளே போன பிறகும் அவள் மகனைக் கூப்பிடவில்லை. ஒரு தாய் தன் கைக்குழந்தையை அன்றுதான் முதல்நாள் விட்டுவிட்டுப் போகமனமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். இவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கலண்டரில் நான் பார்த்துவைத்திருந்ததை அவளும் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நேர்சிங்கை இந்த மாசத்தோட முடிச்சிருப்பன், என்ன?" என்றாள்.

"ஓம்," என்றேன்.